பேக்கன் வறுக்கக் கல்லைக் காய வைக்காதீர்கள்

நம் ஊர் அடுப்பங்கரைப் பாடம் எல்லாமே சூட்டில்தான் தொடங்கும். தோசை வார்க்குமுன் கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று கேட்க வேண்டும். வடை மாவை ஒரு துளி கிள்ளிப் போட்டால் எண்ணெயில் உடனே எழும்ப வேண்டும். மீன் வறுவலும் அப்படித்தான். மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்குக் கை அப்படியே பழகியிருந்தது. பிழைக்கப் போன சிங்கப்பூரில் ஓர் ஓட்டல் சமையல்கட்டில் சேர்ந்த முதல் வாரம், காலைச் சாப்பாட்டுக்குப் பேக்கன், அதாவது உப்பில் ஊறவைத்த பன்றிக்கறிக் கீற்று, வறுக்கச் சொன்னார்கள். கல்லைப் புகையக் காயவிட்டு, இரண்டு கரண்டி எண்ணெயும் ஊற்றி, கீற்றுகளைப் போட்டேன். ஒரே நிமிடத்தில் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. நடுவில் கொழுப்பு வெள்ளை வெளேரென்று பச்சையாக நின்றது. பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தார், வேறொரு குளிர்ந்த கல்லை எடுத்தார், கீற்றுகளை வரிசையாக அடுக்கினார், அதற்குப் பிறகுதான் தீயைப் பற்றவைத்தார்.

அந்தக் காலையில் பார்த்ததுதான் இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி. இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். போன மாதம் அக்கா மகன் திருச்சியிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வந்துவிட்டு, போனில் கேட்டான்: "மாமா, எத்தனை ஸ்பூன் எண்ணெய் ஊத்தணும்?" ஒரு சொட்டுக்கூட வேண்டாம் என்றதும் நம்பவே இல்லை. அவனைப் போல முதல் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பேக்கன் என்பது என்ன

நம் உப்புக்கண்டத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைப்போம். குளிர்நாட்டுக்காரனுக்கு அந்த வெயில் இல்லை. அவன் பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறியை உப்பிலும் கொஞ்சம் சர்க்கரையிலும் ஊறவைத்து, பெரும்பாலும் விறகுப் புகையும் காட்டி, மெல்லிய கீற்றாக அரிந்து வைத்தான். கறியும் கொழுப்பும் வரி வரியாக மாறி மாறி வருவது வயிற்றுப் பகுதிக் கறி. முதுகுப் பகுதியில் எடுப்பதும் உண்டு; அதில் கறி அதிகம், கொழுப்பு ஓரத்தில் மட்டும். இங்கிலாந்தில் முதுகுப் பகுதிக்கு மவுசு, அமெரிக்காவில் வயிற்றுப் பகுதிக்கு. மொறுமொறுப்பு வேண்டுமென்றால் வரி விழுந்ததையே தேடி வாங்குங்கள்.

அந்த இளஞ்சிவப்பு நிறம் சாயம் அல்ல. சோடியம் நைட்ரைட் என்ற உப்பைச் சேர்ப்பதால் வருவது. உயிரைப் பறிக்கும் ஒரு வகை நச்சுக் கிருமி வளராமல் தடுக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். அதனாலேயே வெந்த பிறகும் நிறம் சிவப்பாக நிற்கும். மற்ற கறியைப் போல நிறம் மாறியதா என்று பார்த்து வெந்ததைக் கண்டுபிடிக்க முடியாது. கடையில் கிடைக்கும் பேக்கன் பெரும்பாலும் பச்சைக் கறிதான்; புகை காட்டியதை வெந்தது என்று நினைத்து அப்படியே வாயில் போட்டுவிடாதீர்கள். பன்றிக்கறியில் நாடாப்புழு பயம் உண்டு, கொழுப்பு கண்ணாடி போலாகிப் பொன்னிறம் வரும்வரை வேகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் பேக்கன் உள்ளிட்ட பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்தது. உப்பும் அதிகம். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் ஒரு கீற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நான் மாதம் ஒரு முறை, இரண்டு முறை சாப்பிடுகிற ஆள். தினம் தின்கிற சாமான் இல்லை இது.

வாங்கி வீடு கொண்டு சேர்ப்பது

டெல்டாவில் இதுதான் பெரிய வேலை. திருச்சியில் வாங்கிய உறைந்த பாக்கெட் பஸ்ஸில் தஞ்சாவூர் தாண்டி மன்னார்குடி வந்து சேர்வதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும். சித்திரை வெயிலில் அது கொழகொழவென்று ஆகிவிடும். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன். அதில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டு, நடுவே பாக்கெட், மேலே பழைய துண்டு. இதுவரை ஏமாற்றியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் உறைபெட்டியில் வையுங்கள். சமைப்பதற்கு முதல் நாள் இரவே எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். காலையில் கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து வரும். மறந்துவிட்டால் பாக்கெட்டைப் பிரிக்காமல் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். வெந்நீர் கூடாது, மேசையில் வெளியே வைத்து இளகவிடுவதும் கூடாது. பிரித்த பாக்கெட்டை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கரண்ட் போனால்? ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். உறைபெட்டி நிறைய சாமான் இருந்தால் இரண்டு நாள்கூடத் தாங்கும், பாதி காலியாக இருந்தால் ஒரு நாள். இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை, அந்தக் கதை பிறகு.

எந்தப் பாத்திரம்

இரும்பு. கனமான, அடி தட்டையான இரும்புக் கல். இலுப்பச்சட்டி வேண்டாம், குழியில் கீற்று நீளமாகப் படுக்காது. மெல்லிய அலுமினியச் சட்டியில் ஒரு இடம் கருகும், ஒரு இடம் வேகாது. நான்ஸ்டிக் இருந்தால் அதுவும் சரி.

ஆனால் வீட்டுத் தோசைக்கல்லை எடுப்பதற்கு முன் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். என் அம்மாவிடம் நான் கேட்கவில்லை. "தோசக்கல்லத் தொட்டுப் பாரு, கைய ஒடிக்கிறேன்" என்றார். கும்பகோணம் போனபோது பத்து அங்குலத்தில் ஒரு இரும்புக் கல் வாங்கினேன். அது கொல்லைத் தாழ்வாரத்தில் தனி ஆணியில் தொங்குகிறது. இடுக்கியும் அதற்குத் தனி. சைவம் சாப்பிடும் பெரியவர்களோ, பன்றிக்கறி விலக்கிய நண்பர்களோ வந்து போகும் வீடென்றால் இது சண்டையில்லாத ஏற்பாடு. கூத்தாநல்லூரிலிருந்து வரும் என் நண்பருக்கு நம் வீட்டுத் தோசையைத் தயங்காமல் சாப்பிட முடிகிறது.

முதலில் கற்க வேண்டிய முறை: குளிர்ந்த கல்

ஆறு கீற்று என்று வைத்துக்கொள்வோம்.

1. கீற்றுகளைத் துணியிலோ டிஷ்யூவிலோ ஒற்றி ஈரத்தை எடுங்கள். கழுவ வேண்டாம். ரொம்ப உப்பாக இருக்கும் என்று தெரிந்தால் மட்டும் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டுப் பிழியாமல் ஒற்றி எடுக்கலாம்.

2. காயாத கல்லில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் படுக்கவையுங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாகப் போடுங்கள். எண்ணெய், உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் கிடையாது.

3. இப்போது அடுப்பைப் பற்றவைத்து, சிம்முக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். மூன்று நான்கு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். தீயைக் கூட்டக் கை பரபரக்கும். கூட்டாதீர்கள்.

4. கொழுப்பு கசிந்து கல்லில் பரவ ஆரம்பித்ததும், கீற்று தானாகவே கல்லை விட்டுப் பிரியும். அப்போது இடுக்கியால் திருப்புங்கள். பிரியாததைச் சுரண்டித் திருப்பினால் கிழியும்.

5. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிக்கொண்டே இருங்கள். மொத்தம் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் ஆகும். கீற்று தடியாக இருந்தால் கால் மணி.

முடியும் தருணத்தைக் கண்ணால் பிடிக்கலாம். முதலில் பெரிய குமிழியாகத் தெறித்துக்கொண்டிருந்த கொழுப்பு, கடைசியில் பொடிப்பொடியாக வெள்ளை நுரை கட்டும். அந்த நுரை வந்தால் இன்னும் ஒரு நிமிடம்தான். நீங்கள் நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கல்லில் இருக்கும்போது வளைந்து தொங்குவது, வெளியே வந்து ஆறினால்தான் முறுகும். அப்பளம் போல எண்ணெயிலேயே விறைக்கும் என்று காத்திருந்தால் கரிதான் மிஞ்சும். கருகினால் கசப்பு மட்டும் இல்லை. நைட்ரைட் சேர்த்த கறி அதிகச் சூட்டில் கருகும்போது கெடுதலான சேர்மங்களும் கூடுகின்றன.

ஏன் குளிர்ந்த கல்? கறியும் கொழுப்பும் ஒரே வேகத்தில் வேகாது. காய்ந்த கல்லில் கறி உடனே சுருங்கி இறுகிவிடும், கொழுப்பு உருக நேரமே கிடைக்காது. மெல்லச் சூடேறினால் கொழுப்பு முதலில் உருகி வெளியே வந்து, அந்தக் கொழுப்பிலேயே கறி பொரிகிறது. எண்ணெய் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

சுருண்டால், மேலே கனம் வைக்கலாம். அடி தட்டையான சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் போதும். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று ஈயச்சொம்பை எடுத்துவிடாதீர்கள். உள்ளே ரசம் இல்லாமல் சூட்டில் ஏறினால் உருகி ஓடுகிற சாமான் அது. பாட்டி காலத்துச் சொம்பு போனால் திரும்பி வராது.

எடுத்த கீற்றை வைக்க வாழை இலை அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது கொழுப்பை உறிஞ்சாது. செய்தித்தாளும் வேண்டாம், அச்சு மை கறியில் இறங்கும். வடிதட்டைக் கவிழ்த்து அதன் மேல் போடுங்கள், அல்லது டிஷ்யூ.

தண்ணீர் ஊற்றும் முறை

கேட்டால் சிரிப்பு வரும். முதல் முறை செய்பவர்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான். கல்லில் கீற்றுகளை அடுக்கி, அடி மூடும் அளவு தண்ணீர், அதாவது அரை டம்ளர், ஊற்றுங்கள். நடுத்தரத் தீயில் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் கருகவே வழியில்லை. அதற்குள் கொழுப்பு உருகிவிடும். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும். சளசள என்பது போய்ச் சடசடவென்று கேட்கும். அந்த நொடியில் சிம்முக்கு இறக்கி, மேலே சொன்னபடி திருப்பித் திருப்பி எடுங்கள். வற்றும் தருணத்தில் கொஞ்சம் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் கறி கொஞ்சம் மிருதுவாக, ஓரம் மட்டும் முறுகலாக வரும். வயதானவர்கள் பல்லுக்கு இதுவே தேவலை.

ஓடிஜி, ஏர் ஃபிரையர், மைக்ரோவேவ்

ஆள் அதிகம் என்றால் ஓடிஜி என்கிற மின்சார ஓவன்தான். தட்டில் அலுமினியத் தாள் விரித்து, கம்பி வலை இருந்தால் அதன் மேல், இல்லாவிட்டால் தாளிலேயே அடுக்கி, 200 டிகிரியில் பதினைந்திலிருந்து இருபது நிமிடம். திருப்பக்கூட வேண்டாம். சுருளாமல் நேராக வரும். எங்கள் பக்கம் வயலுக்கு மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடுவதால் எனக்குச் சில நாள் இருபத்தைந்து நிமிடம்கூட ஆகியிருக்கிறது. கடிகாரத்தை நம்பாமல் கண்ணாடி வழியே பாருங்கள். வெளியே எடுக்கும்போது தட்டில் கொதிக்கும் கொழுப்பு நிற்கும். அது கையில் கவிழ்ந்தால் மருத்துவமனைதான், இரண்டு கையாலும் நிதானமாக எடுங்கள்.

ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம். இரண்டு சங்கடம் உண்டு. உருகும் கொழுப்பு அடித்தட்டில் விழுந்து புகையும். கீழே இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றிவைத்தால் அடங்கும். அப்புறம், உள்ளே விசிறி வேகத்தில் மெல்லிய கீற்று பறந்து மேல் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். வலை இருந்தால் மேலே கவிழ்த்து வையுங்கள்.

மைக்ரோவேவை நான் மதிப்பதில்லை. ஆனாலும் விடுதி அறையில் அது ஒன்றுதான் இருக்கிறது என்றால்: தட்டில் இரண்டு டிஷ்யூ, மேலே நான்கு கீற்று, மேலே இன்னொரு டிஷ்யூ, மூன்றரை நிமிடம் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அரை அரை நிமிடமாகக் கூட்டுங்கள். முறுகும், ஆனால் தகடு மாதிரி முறுகும். கொழுப்பெல்லாம் காகிதத்துக்குப் போய்விடும், அதுதான் எனக்கு ஆகவில்லை.

விறகடுப்பு

சொல்வதாகச் சொன்ன கதை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, எங்கள் பக்கம் தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்தன. பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக் கணக்கானது. என் உறைபெட்டியில் இரண்டு பாக்கெட் இருந்தது. மறுநாள் காலை தொட்டுப் பார்த்தேன், நடுவில் இன்னும் கல் மாதிரி இருந்தது. சரி, இன்றே முடித்துவிட வேண்டியதுதான் என்று கொல்லையில் அடுப்பு மூட்டினேன். விழுந்த தென்னை மட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மட்டைத் தீ குப்பென்று எழும்பி உடனே அடங்கும். பேக்கனுக்கு அது ஆகாது. முதல் ஈடு கருகிப்போனது. பிறகு கருவேல விறகைப் போட்டு எரியவிட்டு, தீ அணைந்து கங்கு மட்டும் நின்றதும் கல்லை ஏற்றினேன். அப்படி ஒரு சீரான வறுவல் கேஸ் அடுப்பில்கூட எனக்கு வந்ததில்லை.

ஆக, விறகில் செய்வதானால் சுவாலை கூடாது, கங்கு மட்டும். கம்பி வலையில் போட்டு நேரடியாக வாட்டவும் வேண்டாம். கொழுப்பு சொட்டிய இடத்திலிருந்து தீ எழும்பிக் கறியைப் பிடித்துக்கொள்ளும். கொழுப்புத் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துச் சிதறும். மூடியைப் போட்டு மூடிவிட்டால் அணைந்துவிடும். கேஸ் அடுப்பானாலும் இதுவே.

கொழுப்பை என்ன செய்வது

வறுத்து முடித்தால் பாக்கெட்டின் எடையில் பாதிக்கும் கீழேதான் தட்டுக்கு வரும். மிச்சம் பெரும்பாலும் ஆவியாகப் போன தண்ணீரும் கல்லில் நிற்கும் கொழுப்பும். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறியதும் டீ வடிகட்டியில் வடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். குளிர்நாட்டில் இது மேசை மேலேயே வெண்ணெய் போல உறைந்துவிடும். நம் ஊர் வெயிலில் உறைவதும் இல்லை, வெளியே வைத்தால் கெட்ட வாடையும் வந்துவிடும். ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள்.

ஒரு தேக்கரண்டி போதும். முட்டை ஊற்றலாம், உருளைக்கிழங்கு வதக்கலாம். வாழைக்காயை மெல்லிய வில்லையாக அரிந்து இந்தக் கொழுப்பில் சிம்மில் முறுகவிட்டு, இறக்கும்போது மிளகு தூவினால் உப்பே போட வேண்டியதில்லை. முதல் முறை பழக்கத்தில் உப்புப் போட்டுவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

எதோடு சாப்பிடுவது

பாக்கெட்டில் ரொட்டிப் படம் இருக்கும். ரொட்டியோடு சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பழைய சோற்றில் மோர் ஊற்றி, உப்புப் போடாமல் கரைத்து, மோர் மிளகாய் கடிக்கிற இடத்தில் ஒரு கீற்றைக் கடித்துப் பாருங்கள். புளித்த சோற்றுக்கும் புகை வாசத்துக்கும் இவ்வளவு பொருத்தம் இருக்கும் என்று சிங்கப்பூரில் யாருக்கும் தெரியாது. சின்ன வெங்காயமும் பக்கத்தில் இருக்கட்டும்.

மிஞ்சியதை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் நான்கு நாள் வைக்கலாம். மறுபடி எடுக்கும்போது விறைத்து வெள்ளை பூத்த மாதிரி இருக்கும். கெட்டுப்போகவில்லை, உறைந்த கொழுப்புதான். சுட வைப்பதற்கும் அதே விதி: காயாத கல்லில் வைத்து, சிம்மில் ஒரு நிமிடம் அந்தப் பக்கம், ஒரு நிமிடம் இந்தப் பக்கம்.